ஒரே ஒரு அழைப்பு

"ஒன்று," என்று தலைவர் ஒலிபெருக்கியில் வாசித்ததும் கூடம் சிரித்தது.

உடனே சிரிக்கவில்லை. வேறு யாராவது ஆரம்பிக்கட்டும் என்று ஒரு கணம் காத்திருந்துவிட்டு, மொத்தமாகச் சிரித்தது.

வழக்கறிஞர் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழு அது. மேடைக்குக் கீழே ஓரமாகப் போட்டிருந்த மேசையில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த டைப்பிஸ்ட் அம்மா தலையை நிமிர்த்தவில்லை. பத்தொன்பது வருடமாக இவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது மரத்துப் போயிருந்தது.

தலைவர் வாசித்தது உறுப்பினர் நல அறிக்கை. மன உளைச்சலில் இருக்கும் வழக்கறிஞர்கள் மனம்விட்டுப் பேசுவதற்காகச் சங்கம் தொடங்கிய தொலைபேசி உதவிக்கு, ஒரு வருடத்தில் வந்த அழைப்பு ஒன்றே ஒன்று.

அதற்கு முன்னால் வாசித்தது பயிற்சி அறிக்கை. பன்னிரண்டு வகுப்புகள், நூறு சதவீத வருகை. அதில் பொய் இல்லை, எல்லாருடைய கையெழுத்தும் இருந்தது. கையெழுத்துப் போட்ட கையோடு பின்வாசல் வழியாக நழுவியவர்கள் போக, கடைசிவரை வகுப்பில் உட்கார்ந்திருந்தவர் பாடம் எடுக்க வந்தவர் மட்டும்தான்.

மனு எழுதித் தரும் புது மென்பொருளைப் பற்றியும் ஒரு பக்கம் இருந்தது. அது எழுதிக் கொடுத்த முதல் மனுவில் மேற்கோள் காட்டியிருந்த தீர்ப்பை உலகத்தில் எந்த நீதிபதியும் எழுதியிருக்கவில்லை. அறிக்கையில் அதற்குப் பெயர், தொழில்நுட்பத் துறையில் ஒரு பாய்ச்சல். தட்டச்சு செய்தவள் அவள்தான். கை கூசவில்லை. பழகிவிட்டது.

தொலைபேசி உதவியின் லட்சணம் இதற்கெல்லாம் மேல். ஆலோசகர் ஒருவரைப் போடும்வரை இங்கே இருக்கட்டும் என்று அந்தத் தொலைபேசியைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார்கள். ஆலோசகர் வரவே இல்லை. அவளுக்குக் கொடுத்த பயிற்சி ஒரு பக்கத் தாள். பொறுமையாகக் கேட்கவும், அறிவுரை கூற வேண்டாம்.

கூடவே ஒரு தடித்த பதிவேடு. உங்கள் பெயரைச் சொல்லத் தேவையில்லை என்று சுவரொட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பதிவேட்டின் முதல் கட்டம், பெயர். அடுத்தது, வழக்கறிஞர் பதிவு எண். இத்தனை சட்டம் படித்தவர்கள் நான்கு முறை கூடி யோசித்துச் செய்த ஏற்பாடு அது.

"யாருப்பா அந்த ஒருத்தர்? கையத் தூக்குங்க, மூஞ்சியப் பாத்துக்கறோம்," என்றார் முன்வரிசையிலிருந்து இடி வக்கீல்.

குரலுக்காக வந்த பெயர். குறுக்கு விசாரணைக்கு அவர் எழுந்தால் சாட்சிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

மறுபடியும் சிரிப்பு. பொருளாளருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. பின்வரிசையில் மேசையைத் தட்டினார்கள்.

நம் உறுப்பினர்களின் மனஉறுதிக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை என்றார் தலைவர். எனவே இந்த உதவியை நிறுத்திவிட்டு, அதே எண்ணை மென்பொருள் சந்தேகங்களுக்கு ஒதுக்கலாம் என்று அவரே தீர்மானம் கொண்டுவந்தார். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்.

ஒவ்வொருவரும் பக்கத்து நாற்காலியை ஒரு பார்வை பார்த்தார். இடி வக்கீலின் கை முதலில் எழுந்தது. பிறகு கூடம் முழுக்கக் கைகள்.

அவளுக்குத் தொண்டைவரை ஒரு வார்த்தை வந்தது. கூட்டத்தில் பேச அவளுக்கு உரிமை கிடையாது. உரிமை இருந்திருந்தாலும் அதைச் சொல்லியிருக்க மாட்டாள். ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதி, அடிக்கோடு போட்டாள்.

கூட்டம் சாப்பாட்டுக்குக் கலைந்தது.

நாற்காலிகளில் விட்டுப்போன அறிக்கைகளை அவள் பொறுக்கிக்கொண்டிருந்தபோது இடி வக்கீல் திரும்பி வந்தார். மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்றார். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது.

சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு அந்தத் தொண்டையிலிருந்து, பக்கத்தில் நின்றால்தான் கேட்கும்படி ஒரு குரல் வந்தது.

"எழுதாதீங்கன்னு அன்னிக்கு அவ்வளவு கெஞ்சினேனேம்மா. எழுதிட்டீங்களே."

"உங்க பேரு எங்கயும் இல்ல சார்."

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. போகாமல் நின்றார். நாற்காலியின் முதுகைக் கட்டைவிரலால் சுரண்டினார். இனிமேல் எந்த எண்ணுக்கு என்று கேட்க வாயெடுத்தார், முடிக்கவில்லை.

அவள் கையிலிருந்த அறிக்கையின் ஓரத்தைக் கிழித்து, தன் வீட்டு எண்ணை எழுதிக் கொடுத்தாள். அதை அவர் நான்காக மடித்து, கறுப்புக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டார். வாசலைத் தாண்டியதும், சாப்பாடு என்னய்யா ஆச்சு என்று அவர் போட்ட சத்தம் மாடிவரை கேட்டது.

அவர் போகட்டும் என்று காத்திருந்தவர் போல, பொருளாளர் அறிவிப்புப் பலகையை விட்டு நகர்ந்து உள்ளே வந்தார். போன வருடத்து விடுமுறைப் பட்டியலை அவர் இவ்வளவு நேரம் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

அவருக்கும் பின்னால், தூணோரமாக, தலைவர் செல்பேசியைக் காதில் வைத்தபடி நின்றிருந்தார். யாரிடமும் எதுவும் பேசவில்லை.

அவள் இன்னொரு அறிக்கையை எடுத்து ஓரத்தைக் கிழித்தாள்.

எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட எவருடைய அழைப்பையும் அவள் எழுதியதில்லை. பதிவேட்டில் இருந்த அந்த ஒன்று, மணி சரியாக அடிக்கிறதா என்று பார்க்க முதல் நாள் அவளே போட்ட அழைப்பு.