மரத்துப்போன நாக்கு

கல்லாவுக்கு முன்னால் வந்து நின்று வழக்கம்போல உள்ளங்கையை நீட்டினான். அவள் நான்கு கிராம்பை அதில் வைத்தாள்.

பஸ் டிப்போவுக்குள் அவள் நடத்தும் டீக்கடை அது. டிரைவர்களில் அவன்தான் மூத்தவன். எந்நேரமும் வாய் மணக்க நிற்பதால் டிப்போ முழுக்க அவனுக்குக் 'கிராம்பு' என்றே பெயர்.

நான்கையும் ஒரே வாயில் போட்டு மென்றபடி ஆரம்பித்தான்.

"அந்தக் காலத்துல ராஜா முன்னாடி நின்னு பேசணும்னா வாயில கிராம்ப அடக்கிக்கிட்டுத்தான் பேசணுமாம் அக்கா. இல்லன்னா அந்த நாத்தத்துக்கே தலைய எடுத்துருவானாம்."

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

கிராம்பைப் பற்றி அவனுக்குத் தெரியாதது இல்லை. பல்வலியா, கடைவாயில் வை, மரத்துப்போகும். இருமலா, தேனில் குழைத்து நக்கு. வயிறு புரட்டுகிறதா, வெந்நீரில் தட்டிப் போடு. இந்த மொட்டுக்காகக் கப்பல் கட்டிக்கொண்டு போனவர்கள், விலை இறங்கிவிடக் கூடாதென்று ஊரான் வீட்டு மரங்களையெல்லாம் கொளுத்திப்போட்ட கதையையும் சொல்வான். அதைச் சொல்லும்போது மட்டும் குரலில் ஒரு மெச்சுதல் இருக்கும். பிழைக்கத் தெரிந்தவர்கள் என்பான்.

காலையிலேயே ஊற்றிக்கொள்ளும் சாராயத்தையும் அது அமுக்கிவிடும் என்பதை மட்டும் யாருக்கும் சொன்னதில்லை.

அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடை திறந்த புதிதில், சில்லறை பொறுக்க அவன் குனிந்தபோது இரண்டு வாசனையும் தனித்தனியாக வந்து மூக்கில் ஏறின.

அவளுடைய கணவன் அவன் வண்டியில் கண்டக்டராக இருந்தவன். பின்னால் எடுத்த பஸ்ஸுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிச் செத்தான். விசாரிக்க வந்த அதிகாரி டிரைவரின் வாயை மோந்து பார்த்தார். கிராம்புதான் மணந்தது. அத்தோடு விட்டுவிட்டார்கள்.

இந்தக் கடையை அலையாய் அலைந்து அவளுக்கு வாங்கிக் கொடுத்ததும் அவன்தான். கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் கையெடுத்துக் கும்பிட்டுத்தான் வாங்கிக்கொண்டாள்.

புது மேலாளர் வரப்போகிறார், இனி வாயை ஊதிக் காட்டினால்தான் வண்டிச் சாவி என்று பேச்சு அடிபட்டதுமே, ஒரு கை கிராம்பை எடுத்து வீட்டில் உலை வைத்தாள். கொதித்த தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி வைத்தாள். ஆவியில் மணமே இல்லாமல் போகும்வரை விடவில்லை. காய்ந்த பிறகு பார்த்தால் அதே தலை, அதே காம்பு, அதே கறுப்பு. ஒன்றைக் கடித்துப் பார்த்தாள். தீக்குச்சியைக் கடித்ததுபோல் இருந்தது.

கண்டுபிடித்துவிடுவானோ என்று முதலில் ஒன்றை மட்டும் கலந்து கொடுத்தாள். மென்றுகொண்டே போய்விட்டான். மறுநாள் இரண்டு. அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. வருஷக்கணக்காகக் கிராம்பு மென்ற நாக்கு, எப்போதோ செத்துப்போயிருந்தது.

இன்று கொடுத்தது நான்கும் அதுதான்.

சாவி கொடுக்கும் ஜன்னலில் வரிசை நகர்ந்தது. அவள் கிளாஸ் கழுவியபடியே பார்த்தாள். அவன் முறை வந்ததும், ராஜாவிடம் போவதுபோல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஊதினான்.

மேலாளரின் தலை சட்டென்று பின்னால் போயிற்று. மறுபடி ஊதச் சொன்னார். பிறகு சாவியை மேசைக்குள் போட்டுப் பூட்டிவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தம் எடுக்கச் சொன்னார்.

அவன் பதறிப்போய்க் கடைப்பக்கம் கையைக் காட்டினான்.

"அந்த அக்காவக் கேளுங்க சார். தெனம் பக்கத்துல நின்னு பேசுறேன். என்னைக்காவது நாத்தம் வந்துருக்கான்னு கேளுங்க."

மேலாளர் திரும்பினார். வரிசை முழுக்கத் திரும்பியது. அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"தெனமும் வரும் சார். கிராம்பு போட்டு மறைப்பாரு."

எதை மனதில் வைத்து அவள் பேசுகிறாள் என்று இப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"அண்ணன் விசில் அடிச்சாருன்னுதான நான் பின்னால எடுத்தேன்," என்றான், யாருமே கேட்காமல்.

விசாரணையிலும் அதையேதான் சொன்னான். விசில் கொடுத்தது கண்டக்டர், தப்பும் கண்டக்டர்மேல்தான் என்று முடித்துவிட்டார்கள்.

அவள் உள்ளே போய் அடுப்பைத் தூண்டினாள்.

விபத்து நடந்த அன்று காலை, போகவிடாமல் காலைக் கட்டிக்கொண்டு அழுத மகளின் கழுத்தில் அந்த விசிலை மாட்டிவிட்டுத்தான் அவள் கணவன் வேலைக்குக் கிளம்பியிருந்தான்.