மூடாத வட்டம்

"எந்த வரிசை வேணும், லாங்கி?"

"ரெண்டும், டீச்சர்."

தேவாலய ஒத்திகையில் பையன்கள் வரிசையும் சிரித்தது, பெண்கள் வரிசையும் சிரித்தது. எட்டு வயசு லாங்கி, மேலே அண்ணன் சட்டையும் கீழே அக்கா பாவாடையுமாக, காதில் செம்பருத்தியோடு நடுவில் நின்றது.

"பூக்காரம்மா, அந்தப் பக்கம் போ!" என்றான் அண்ணன் மலோ.

"சட்டைக்காரருக்கு இங்கே இடமில்ல!" என்றாள் அக்கா பெனினா.

மெரிபா டீச்சர் அதட்டினார். "ரெண்டு வரிசையும் வேண்டாம். போய் அந்தப் பாயில உட்காரு." குனிந்து அதன் காதில் என்னவோ சொன்னார்.

சன்னலில் நின்ற அம்மா லோசாவுக்குக் கொதித்தது.

"வெள்ளை ஞாயிறு பிள்ளைங்க நாள், டீச்சர். ஊர்த்தலைவரே அன்னிக்குப் பிள்ளைங்களுக்குப் பரிமாறுறார். என் பிள்ளைக்கு மட்டும் இடமில்லையா?"

"ஞாயித்துக்கிழமை வாங்க, பேசிக்கலாம்."

வீட்டில் கேட்டாள்: "டீச்சர் உன்னை மிரட்டினாளா?"

லாங்கி காதிலிருந்த செம்பருத்தியை எடுத்துத் தண்ணீரில் போட்டு வைத்தது. அழவே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

ஞாயிறன்று தேவாலயம் முழுக்க வெள்ளை உடுப்பு. வசனம், நாடகம் எல்லாம் முடிந்தன. லாங்கி பாயிலேயே இருந்தது. கால் மட்டும் தாளம் போட்டது.

போதும். இனி இந்த வாசலை மிதிப்பதில்லை. பிள்ளையைக் கூட்டிப்போக லோசா எழுந்துவிட்டாள்.

கடைசிப் பாட்டுக்கு இரண்டு வரிசையும் கைகோத்து வட்டமாக நிற்க வேண்டும். வழக்கம்போல வட்டம் மூடவில்லை. ஒரு முனையில் மலோ. மறுமுனையில் பெனினா. எங்கள் சமோவாவில் அண்ணன் தங்கை வளர்ந்தபின் தொட்டுக்கொள்ள மாட்டார்கள், அது மரியாதை. ஆளை மாற்றியும் பயனில்லை. ஊரில் பாதிப் பேர் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள், அவர்களும் அண்ணன் தங்கைதான். வருஷா வருஷம் அங்கே ஓர் ஆள் அகலம் காலியாகவே கிடக்கும்.

"லாங்கி, வா!" என்றார் டீச்சர்.

ஓடியது. ஒரு கையில் அக்கா. ஒரு கையில் அண்ணன். அவளுக்குத் தங்கை, அவனுக்குத் தம்பி.

"தலையை ஆட்டாதே, பூ விழப்போகுது" என்றான் மலோ.

பாட்டு எழும்பியது. எழுந்த லோசா மெல்ல உட்கார்ந்தாள்.

வாசலில் டீச்சரைப் பார்த்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் சொன்னார்:

"ஏதாவது ஒரு வரிசையில சேர்த்திருந்தா, அந்த இடத்துக்கு நான் ஆளுக்கு எங்கே போவேன், லோசா?"