சாதிக் அலி மீது ஒரு புகார்

“வேணும்னேதான் மோதினான் சார். மைதானமே பார்த்துச்சு” என்றார் சங்க உறுப்பினர் விஷ்ணு.

கேட்டுக்கொண்டிருந்தவர் கருணாகரன். தேசிய மாதிரி விமானச் சங்கத்தின் நெய்வேலி கிளைக்கு அவர்தான் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அவரும்தான் பார்த்தார்.

அன்று தேசியப் போட்டிக்கு ஆள் எடுத்தார்கள். இரண்டு இரண்டு பேராக ரிமோட் விமானங்களைப் பறக்கவிட வேண்டும். அருண்பிரசாத்தின் வெள்ளை விமானம் வட்டமடித்துவிட்டுத் திரும்பியது. பக்கத்தில் பறந்த சாதிக் அலியின் சிவப்பு விமானம் சட்டென்று திரும்பி அதன் மேல் பாய்ந்தது. இரண்டும் தூள் தூளாகி மைதானத்து ஓரத்தில் விழுந்தன.

அருண்பிரசாத் பர்மனென்ட் இன்ஜினியர். சாதிக் அலி மைன்ஸில் கான்ட்ராக்ட் வெல்டர். பேச்சு எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

“பொறாமை சார், வேற என்ன? அடுத்த சங்கச் செய்திமடல்ல அவனை நீக்கியாச்சுன்னு வரணும். இல்லேன்னா மத்த கிளைக்காரங்க நம்மளைப் பார்த்துச் சிரிப்பாங்க.”

ஷிஃப்ட் முடிந்ததும் சாதிக் அலியை குவார்ட்டர்ஸுக்கு வரச் சொன்னார் கருணாகரன்.

“உட்காருப்பா.”

“பரவால்லீங்க சார்.”

“வேணும்னேதான் மோதினியா?”

“ஆமாங்க.”

காற்று அடித்தது, வெயிலில் கண் கூசியது என்று ஏதாவது சொல்வான், மன்னித்துவிடலாம் என்று நினைத்திருந்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“எட்டு மாசம் கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு நீ பண்ணின விமானம்யா உன்னோடது. அதையும் சேர்த்து உடைச்சிருக்கியே! அருண் மேல அப்படி என்ன கோபம்?”

“கோபம்லாம் ஒண்ணுமில்லீங்க.”

“அப்புறம் ஏன்?”

சாதிக் அலி தரையைப் பார்த்தான்.

“என்னை நீக்கிடுங்க சார். நான் எதுவும் சொல்றதுக்கில்லீங்க.”

கருணாகரனின் மனைவி சுப்புலட்சுமி கொண்டுவந்த காபியை நின்றபடியே குடித்தான். “நேரமாய்க்கினு இருக்குதுங்க. மேல்பட்டாம்பாக்கம் பஸ்ஸைப் புடிக்கணும், வூட்ல தேடுவாங்க” என்று கிளம்பிவிட்டான்.

கருணாகரனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கான்ட்ராக்ட் ஆளெல்லாம் சங்கத்துக்கு எதற்கு என்று எல்லாரும் அன்றைக்கே முகம் சுளித்தார்கள். இவர்தான் பிடிவாதமாகச் சேர்த்தார். அதற்கு இதுவா பலன்?

உட்கார்ந்து சங்கத்தின் தலைமையகத்துக்குக் கடிதம் எழுதினார். ‘மேற்படி உறுப்பினரை உடனே நீக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.’

மறுநாள் காலை அதை உறையில் போடும்போது அருண்பிரசாத் பைக்கில் வந்து இறங்கினான்.

“சார், லெட்டர் போயிடுச்சா?”

“இதோ, போகப் போகுது. உனக்கு இன்னொரு வாய்ப்பு கேட்டும் எழுதியிருக்கேன். கவலைப்படாதே.”

“அனுப்பாதீங்க சார். அவர் என் விமானத்தை உடைச்சப்போ, அது என் கட்டுப்பாட்டுலயே இல்ல.”

“என்னப்பா சொல்ற?”

“பேட்டரி போயிடுச்சு. ரிமோட்டை எப்படித் திருப்பினாலும் விமானம் கேட்கல. நேரா ஷாமியானாவைப் பார்த்து இறங்க ஆரம்பிச்சுது. ‘போச்சு, போச்சு’ன்னேன். பக்கத்துல நின்ன அவர் காதுல மட்டும்தான் விழுந்துச்சு. ஒரு செகண்ட்கூட யோசிக்கல சார், தன்னோட விமானத்தைத் திருப்பி அடிச்சு அதைத் தள்ளிவிட்டுட்டார்.”

கருணாகரன் உறையை மேஜை மேல் வைத்தார். ஷாமியானாவில் அத்தனை குடும்பங்கள். முன்வரிசையில் சுப்புலட்சுமி.

“இதை ஏன்யா மூணு நாளா யாருமே சொல்லல? சொல்லியிருந்தா அவனைத் தலைமேல தூக்கிவச்சுக் கொண்டாடியிருப்போமே!”

“நான் சொல்றேன்னுதான் சார் சொன்னேன். அவர் விடல.”

“உன்னைக் காப்பாத்தவா?”

அருண்பிரசாத் தயங்கினான்.

“என்னை இல்ல சார். உங்களை.”

“என்னையா?”

“‘பேட்டரின்னு சொன்னா, பறக்குறதுக்கு முன்னாடி அதை யாரு செக் பண்ணாங்கன்னு கேப்பாங்க. அந்த ஃபாரத்துல சார் கையெழுத்து இருக்குது. கான்ட்ராக்ட் ஆளுன்னு என்னை யாரும் சேர்த்துக்காதப்ப கூப்புட்டு மெம்பர் ஆக்கினவரு. அவரு பேரு கெட்டுடக் கூடாது’ன்னார் சார்.”

கருணாகரன் மெல்ல நாற்காலியில் சாய்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, விமானங்களைச் சோதித்துவிட்டு அவர் கையெழுத்துப் போட வேண்டிய பன்னிரண்டு ஃபாரங்கள். சிறப்பு விருந்தினர் கார் வந்துவிட்டது என்றார்கள். நின்றவாக்கில் பன்னிரண்டிலும் மடமடவென்று கையெழுத்துப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார். ஒரு பேட்டரியைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

அருண்பிரசாத் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

“ஷிஃப்டுக்கு நேரமாகலையா?” என்று சுப்புலட்சுமி உள்ளிருந்து கேட்டாள்.

“இதோ” என்றவர், உறையிலிருந்த கடிதத்தை எடுத்துக் கிழித்தார். வேறு ஒன்று எழுதினார்.

அடுத்த மாதச் செய்திமடல் வந்ததும் விஷ்ணுவைச் சுற்றி உறுப்பினர்கள் கூடிவிட்டார்கள். அவர் அவசர அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினார்.

முதலில் கண்ணில் பட்டது சாதிக் அலியின் படம். கீழே, ‘தன் விமானத்தை இழந்து பார்வையாளர்களைக் காத்தவர்.’

விஷ்ணுவின் முகம் சுருங்கியது. அடுத்த பத்தியைச் சத்தமாகப் படித்தார்.

“‘பேட்டரியைச் சோதிக்காமலே கையெழுத்திட்ட நெய்வேலி கிளைச் செயலாளர் கருணாகரன், பொறுப்பிலிருந்து நீக்கப்படுகிறார்.’ என்னய்யா அநியாயம் இது? சார் மேல எவன்யா புகார் கொடுத்தான்?”

பக்கத்தில் இருந்தவர் கடைசி வரியைத் தொட்டுக் காட்டினார்.

‘புகார் அளித்தவர்: கருணாகரன், நெய்வேலி.’