பதினேழாவது தீர்மானம்

"ஒன்றிலிருந்து பதினாறு வரை" என்றார் பேரூராட்சித் தலைவர்.

உறுப்பினர்கள் அத்தனை பேரும் மேசையைத் தட்டினார்கள். பதினாறு தீர்மானங்களும் நிறைவேறிவிட்டன. இன்னும் டீகூட வரவில்லை.

பார்வையாளர் பெஞ்சில் இருந்த வசுந்தராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மதுரையில் அவள் கல்லூரிப் பேராசிரியை. சிறந்த பேரூராட்சி மன்றத்துக்கு விருது கொடுக்கப் போகிறார்களாம். இந்த மன்றம் என்ன லட்சணத்தில் வேலை செய்கிறது என்று மதிப்பிட்டு அறிக்கை எழுதும் பொறுப்பு அவள் தலையில் விழுந்திருந்தது. சிம்மக்கல்லில் பஸ் ஏறி, வெயிலில் வெந்து வந்தது இந்தக் கூத்தைப் பார்க்கத்தானா?

பன்னிரண்டாவது தீர்மானம் எதைப் பற்றியது என்று பக்கத்து வரிசை உறுப்பினரிடம் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே மிக்சர் பொட்டலத்தை நீட்டினார்.

சோணையம்மாள் எழுந்தார். பள்ளிக்கூடத் தெரு வார்டின் உறுப்பினர். அந்தத் தெருச் சாக்கடைக்கு மூடி கிடையாது. போன மழையில் ஒரு பிள்ளை உள்ளே விழுந்து கை முறிந்துபோனது. ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து பார்க்கிறார், பேசவிட்டால்தானே? கூட்டத்துக்கு முன்பே வாசலில் வசுந்தராவின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தார்.

"நீங்களாச்சும் எழுதுங்க மேடம். ஒங்க எழுத்துக்குத்தேன் பயப்படுவாய்ங்க."

கட்டாயம் எழுதுகிறேன் என்று வசுந்தரா வாக்குக் கொடுத்திருந்தாள்.

இன்றைக்கும் சோணையம்மாள் வாயைத் திறப்பதற்குள் தலைவர் கையமர்த்திவிட்டார். அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாமாம்.

இருக்கட்டும். ஊரே காறித் துப்புகிற மாதிரி எழுதுகிறேன் என்று வசுந்தரா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

தலைவர் கடைசித் தீர்மானத்தை மட்டும் மளமளவென்று வாசித்தார். மின்விசிறி இரைச்சலில் அவள் காதில் விழுந்தது அவள் பெயர் மட்டும்தான். வரவேற்கிறார்கள் போலிருக்கிறது. ஆயிரம் இருந்தாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. எழுந்து நின்று கும்பிட்டாள். மேசைகள் அதிர்ந்தன.

கூட்டம் முடிந்ததும் செயல் அலுவலர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"ரொம்ப நன்றி மேடம். எங்க மன்றத்தோட செயல்பாடு மிகச் சிறப்புன்னு நீங்க குடுத்த அறிக்கைய ஒருமனதா ஏத்துக்கிட்டாச்சு."

"நான் இன்னும் ஒரு வரிகூட எழுதலையே!"

"அதனாலென்ன மேடம்? விருதுக்கு அனுப்பக் கடைசித் தேதி தாண்டித்தான் அடுத்த கூட்டம் வருது. அதான் முந்திக்கிட்டோம். நீங்க நிதானமா எழுதிக் குடுங்க. தீர்மானத்தோட ஒத்துப்போனாப் போதும்."

கும்பிட்ட கையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று வசுந்தராவுக்குத் தெரியவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சோணையம்மாள் அவளிடம் வந்தார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். உள்ளங்கை சிவந்திருந்தது.

"ஒங்க பேரைச் சொன்னாய்ங்கள்ல மேடம்? அம்புட்டுப் பேரையும்விட நாந்தேன் பலமாத் தட்டுனேன்."