பினாயில் வாசம்

மாட்டுக்கொட்டகையை ஒட்டிப் புதிதாக மாடி வீடுகள் எழும்பின. குடிவந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு மயில்சாமியிடம் சண்டைக்கு நின்றார்கள். அவர் சாணக்குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடினார். தரையைப் பினாயில் ஊற்றிக் கழுவினார். அப்படியும் மாடி ஜன்னல்கள் திறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துச் செவலைப் பசு கன்று போட்டது. அது நக்கிக் கொடுப்பதற்குள் மயில்சாமி கன்றைத் தூக்கிப்போய்ப் பினாயில் தண்ணீரில் குளிப்பாட்டினார். கன்று விழுந்த வைக்கோலை அள்ளித் தார்ப்பாய்க்கு அடியில் தள்ளினார்.

கன்று தள்ளாடி வந்து மடியைத் தேடியது. பசு அதை முகர்ந்து பார்த்துவிட்டுக் காலால் உதைத்தது.

“நான்தாம்மா” என்றது கன்று.

“என் பிள்ளையை எனக்குத் தெரியாதா? உன் மேல தரை வாசம்தான் அடிக்குது. தள்ளிப் போ.”

பிறகு பசு கயிற்றை இழுத்துக்கொண்டு தார்ப்பாய்ப் பக்கம் மூக்கை நீட்டியது. “கண்ணு, அங்கயா இருக்கே? அம்மாகிட்ட வாடா” என்று கதறியது.

“இதோ வந்துட்டேம்மா” என்று கன்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தது. பசு திரும்பவே இல்லை.

சாயங்காலம் மாடி ஜன்னல் ஒன்று திறந்தது. “மயில்சாமி, நாத்தம் போயிடுச்சு, ரொம்ப சந்தோஷம். இந்தக் கத்தலுக்கும் ஏதாவது பண்ணுங்க.”