மொட்டைமாடியிலிருந்து வந்த குரல்

புதுக் காய்ச்சல் பரவிய அந்த வருடம், சுகாதாரத் துறையின் இணையதளம் மக்களோடு பேச ஆரம்பித்திருந்தது. தடுப்பூசி பற்றி என்ன பயம் என்று சொன்னால், அதே பயத்தோடு போய் ஊசி போட்டுக்கொண்ட ஒருவரை, பெயர் சொல்லாமல், போனில் பேச்சுத் துணைக்கு இணைத்துவிடும்.

சங்கரன்கோவிலில் தையற்கடை வைத்திருந்த செல்லக்கனிக்கு ஊசி போட்டுக்கொள்வதென்றால் நடுக்கம். ஆனால் அடுத்த மாதம் மகளுக்குப் பிரசவம். தடுப்பூசி போடாதவர்களை வார்டுக்குள் விடமாட்டார்கள். வேறு வழியில்லாமல், வீட்டில் உட்கார்ந்து போனில் அந்த இணையதளத்தைத் திறந்தாள்.

"ஊசின்னா எனக்கு உயிரே போயிரும்," என்றாள், ரகசியம் போல.

"எனக்கும் அப்படித்தாங்க. நர்சம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டேன். ஆனா ஒரு நிமிஷம்தான்," என்றது ஓர் ஆண்குரல்.

அந்தக் குரல் போனிலும் கேட்டது, மொட்டைமாடியிலிருந்தும் கேட்டது. படியேறிப் போனாள். காயப்போட்ட வேட்டிகளுக்கு நடுவே போனும் கையுமாக நின்றார் அவள் கணவர் மாயாண்டி. போன வாரம் ஊசி போட்டு வந்து, "எனக்கெல்லாம் வலிக்கவே இல்லை" என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டவர்.

"அழுதீங்களா?"

"லேசாத்தான்," என்று அசடு வழிந்தார்.

செல்லக்கனிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மறுநாள் காலையே அவரையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"முடிஞ்சுதும்மா," என்றார் நர்ஸ். "ரெண்டு பேரும் கண்ணைத் திறங்க."