கேட்டிலிருந்து ஜன்னல் வரை

“யாரை வேணா கூப்பிடுங்க. கேட்ல நின்னு அந்த ஜன்னலை ஒருத்தன் அடிச்சுக் காட்டிட்டா, என் தம்பி இன்னைக்கே வேலையை எழுதிக் குடுத்துட்டுப் போயிடுவான்.” அக்கா மேசையைத் தட்டியதில் விசாரணை அதிகாரியின் தண்ணீர் டம்ளர் ஆடியது.

அக்கா பதினோராம் வகுப்புக்கு இயற்பியல் டீச்சர். தம்பிக்கு இந்தத் தொழிற்சாலையில் ஒன்பது வருட வேலை. மூன்றாம் மாடியில் மேனேஜர் அறை ஜன்னலை, கேட்டில் நின்று போல்ட் எறிந்து உடைத்தான் என்று அவன்மேல் குற்றச்சாட்டு. நிரூபித்துவிட்டால் இன்றோடு சீட்டுக் கிழிந்தது. துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்று நோட்டீஸில் இருந்ததால் அக்காவை அழைத்து வந்திருந்தான்.

“நீங்க என்ன பார்த்தீங்க?” என்று காவலாளியை அதட்டினாள் அக்கா.

“கண்ணாடி உடையற சத்தம் கேட்டுச்சு மேடம். எங்கேன்னு சுத்திமுத்தும் தேடிட்டுத் திரும்பி வந்தா, கேட் பக்கத்துல இவர்தான் நின்னாரு. கையெல்லாம் துரு. மூச்சு வேற வாங்கிட்டிருந்தாரு.”

“போல்ட்லயும் துரு, இவன் கையிலயும் துரு. உடனே இவன்தான்னு எழுதிட்டீங்க. மெஷின்ல வேலை பாக்குறவன் கையில துரு இல்லாம சந்தனமா இருக்கும்?”

“கோபம் இருந்திருக்கும்ல டீச்சர்? அன்னைக்குக் காலையில நடந்ததுக்கு...” என்று இழுத்தார் அதிகாரி.

அன்று காலையில் ஒரு தொழிலாளியின் இரண்டு விரல்கள் மெஷினில் போய்விட்டன. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மேனேஜரின் காரைக் கேட்டார்கள். சீட்டில் ரத்தக்கறை படும் என்று அந்த மகாராசன் சாவியைத் தரவில்லை.

“அதைக் கேட்டதுலேருந்து எனக்கும்தான் சார் வயிறு எரியுது. அதுக்காக நான் எறிஞ்சேன்னு எழுதுவீங்களா?” என்றாள் அக்கா.

சுவரில் வெள்ளைப் பலகை ஒன்று இருந்தது. அதிலிருந்த உற்பத்திக் கணக்கை யாரையும் கேட்காமல் அழித்தாள். ஒரு மூலையில் கேட், இன்னொரு மூலையில் ஜன்னல், நடுவில் ஒரு வளைகோடு.

“கேட்டுக்கும் கட்டடத்துக்கும் நூத்தி இருபது மீட்டர், நானே டேப் புடிச்சு அளந்தேன். எறியுற கையிலேருந்து ஜன்னல் பதினஞ்சு மீட்டர் உயரம். எந்தச் சாய்வுல வேணா எறியட்டும். ஜன்னலைத் தொடணும்னா குறைஞ்சது எவ்வளவு வேகம் வேணும்? அதான் கணக்கு.”

மார்க்கர் கிறீச்சிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த மேனேஜர் கொட்டாவி விட்டதைப் பார்த்து அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

“நொடிக்கு முப்பத்தேழு மீட்டர். மணிக்கு நூத்தி முப்பது கிலோமீட்டருக்கு மேல. காத்து தடுக்கிறதை நான் சேர்க்கவே இல்ல. பந்து வீசுறதையே பொழப்பா வச்சிருக்கிறவன் ஓடி வந்து போடுற வேகம் சார் இது. இவனைப் பாருங்க. தோள் வலிக்குதுன்னு பரண்ல இருக்கிற பெட்டியைக்கூட இறக்கித் தர மாட்டான்.”

தம்பி தலையை நிமிர்த்தவே இல்லை.

அதிகாரி போனை எடுத்து அந்தக் கணக்கைத் தானும் இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். அதே விடைதான் வந்தது.

“நீங்க வேற யாரையாவது பார்த்தீங்களா சார்?” என்று மேனேஜரைக் கேட்டார்.

“நான் எங்க பார்த்தேன்? ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உக்காந்திருந்தேன்.”

அதிகாரி பெருமூச்சு விட்டு, ‘கேட்டிலிருந்து எறிந்திருக்க வாய்ப்பில்லை, குற்றச்சாட்டு தள்ளுபடி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தெருவுக்கு வந்த பிறகும் அக்காவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இப்போது அது தம்பியின் பக்கம் திரும்பியது.

“உள்ள ஒரு வார்த்தை பேசினியாடா? நான் தொண்டைத்தண்ணி வத்தக் கத்திட்டிருக்கேன், நீ பாட்டுக்குக் கல்லு மாதிரி உக்காந்திருக்க. எறியலைன்னு சொன்னா வாய் வலிச்சிடுமா?”

தம்பி ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் வரவில்லை.

“உன் கணக்கு சரிதாங்கா. கேட்லேருந்து எட்டாதுன்னுதான், அந்த ஜன்னலுக்கு எதிர்ல இருக்கிற தண்ணி டேங்க் மேல ஏறினேன்.”